படுத்தால் வருகிற படபடப்பு

யாராவது என்னிடம் "கோபப்படாதீங்க" என்று சொன்னால்தான் எனக்கு உண்மையில் கோபம் வரும். அதுவரைக்கும் நான் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு மேலாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவளின் குரல் வேறு எப்படி இருக்கும்? கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்க வேண்டுமே.

சென்ற வருடத்தின் பாதியை நான் அந்த ஒரு சொல்லைக் கேட்டே கழித்தேன். வீட்டில் கேட்டேன், பள்ளிக்கூடத்தில் கேட்டேன், தெருமுனைப் பழக்கடைக்காரர்கூட மாம்பழத்தை நிறுத்துக்கொண்டே சொன்னார். எல்லாருக்கும் என் இதயத்தின் மேல் அவ்வளவு அக்கறை. அந்த அக்கறையால் என் வகுப்பு பறிபோனது, என் நோன்பு பறிபோனது, நான் வாயைத் திறந்து சொன்ன எதற்கும் மதிப்பில்லாமல் போனது. அதை இப்போது எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

முதல் தடவை வந்தது ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு. கட்டுகஸ்தோட்டையில் என் கணவரின் சொந்தத்தில் கலியாணம். எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் சஹனில்தான் சோறு வரும். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவோம். மரியாதை தெரிந்தவர்கள் தங்கள் பக்கத்து இறைச்சியை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கு என்னோடு உட்கார்ந்த ஐந்து பேருமே மரியாதை தெரிந்தவர்கள். அதற்கு மேல் வட்டிலப்பம், அதற்கு மேல் ஐஸ் போட்ட சர்பத். வீட்டுக்கு வந்து உடுப்பை மாற்றிவிட்டுச் சாய்ந்தேன். சாய்ந்த சற்று நேரத்தில் நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டு எதையோ துழாவித் தேடுகிற மாதிரி இருந்தது. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். நாடி ஓடியது, நின்றது, இரண்டு துடிப்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தது. எந்தத் தாளத்திலும் அது அடங்கவில்லை.

என் கணவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். பின்னேரம் ஆகும்போது அது வந்தது போலவே தானாகப் போய்விட்டது. ஒரு விசேட மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே நேரம் பதிந்து, சேனல் பண்ணிப் போனோம். காத்திருந்த நேரத்தில் ஒரு பாடவேளை முழுவதையும் எடுத்து முடித்திருக்கலாம். உள்ளே இருந்த நேரத்தில் வரவு பதியக்கூட முடிந்திருக்காது. மருத்துவர் என் ஈசிஜியைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவரிடம் கேட்டார். உயர்தர வகுப்பு ஆசிரியை என்றதும், எல்லாம் விளங்கிவிட்டது போலத் தலையை ஆட்டினார். வேலைப்பளு, மன அழுத்தம், கோபம், இதெல்லாம் அதிரனலினைக் கூட்டும், அது இதயத்தைக் குழப்பும் என்று என் கணவருக்கு விளக்கினார். அதிரனலினைத் தடுக்கிற குளிசை எழுதினார். வேலையைக் குறைக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுக்க வேண்டும், உணர்ச்சிவசப்படவே கூடாது என்றார்.

"டொக்டர், வேலை செய்யும்போது எனக்கு ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டுப் படுத்தபோதுதான் வந்தது" என்றேன்.

அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையும் என் கணவருக்குத்தான். மிஸஸ் கொஞ்சம் டென்ஷனான ஆள் போல என்றார். என் கணவர், ஒரு குடும்ப இரகசியத்தை ஒருவர் கண்டுபிடித்துவிட்ட மாதிரி, மிகுந்த மரியாதையோடு ஆமோதித்தார்.

நான் படிப்பிக்கிற பாடம் இது. இதயம் துடிப்பதற்கு நரம்பின் கட்டளை தேவையில்லை, அது தானாகவே துடிக்கும். நரம்புகள் செய்வது வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். பரிவு நரம்புகளின் நுனியில் நோரதிரனலின் சுரக்கும். சிறுநீரகத்தின் மேலிருக்கிற சுரப்பி அதிரனலினை இரத்தத்தில் விடும். இரண்டும் சேர்ந்து இதயத்தை விரட்டும். மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியே இறங்கி நெஞ்சு, வயிறு என்று அலைந்து திரிகிற இன்னொரு நரம்பும் உண்டு. அலையும் நரம்பு என்றே அதற்குப் பெயர். அதன் நுனியில் சுரக்கும் அசற்றைல்கோலின் இதயத்தை அடக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டு ஓர் ஏப்பத்தோடு சாய்கிறபோது உடம்பின் ஆட்சி அந்த நரம்பின் கையில் இருக்கும். இதை நான் கரும்பலகையில் எத்தனை வருடமாகக் கீறியிருக்கிறேன். கோபம்தான் காரணம் என்றால் அது கோபத்தின்போது அல்லவா வர வேண்டும்? இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்க அந்த அறையில் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அதிரனலின் குற்றமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ பேருக்கு இதயத்தின் ஒழுங்கு கெடுவது அதனால்தான். என்னுடைய புகார் வேறு. என்னைப் பார்த்தவுடன் அவர் தீர்ப்பை எழுதிவிட்டார். விசாரணை நடக்கவே இல்லை.

என் கணவர் கண்டியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அமைதியான மனிதர். என்மேல் உயிர். அந்த உயிர்தான் வினையாகப் போனது. மருத்துவரைப் பார்த்த அடுத்த நாளே, எனக்குச் சொல்லாமல், கடையிலிருந்து என் பள்ளிக்கூட அதிபருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்.

நான் ஓய்வு முடிந்து போன அன்றைக்கு அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல பெண்மணி, நகரத்தில் பிறந்து வளர்ந்தவர், யாருடைய மனதையும் நோகடிக்க மாட்டார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. உங்க ஹஸ்பண்ட் பேசினாரு. எவ்வளவு அக்கறையான மனுசன். நாங்களும் ஒரு ஒழுங்கு பண்ணிட்டோம். ஏ.எல். பயோவ தரம் ஒன்பதுக்கு சயன்ஸ் எடுக்குற டீச்சர் பாத்துக்குவாங்க. நீங்க லைப்ரரியில அமைதியா இருங்க."

"நான் அப்படிக் கேட்கவில்லையே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"பாருங்க, இப்பவே முகம் செவந்துருச்சி. இதுக்குத்தான் சொல்றேன். கோபப்படாதீங்க டீச்சர்."

இந்தப் பொறியை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. நான் பேசாமல் இருந்தால் சம்மதம். பேசினால் நோய்.

அந்த வகுப்பு எனக்கு ஏன் பெரிது என்பதைச் சொல்ல வேண்டும். தமிழ் மொழியில் உயர்தர உயிரியல் படிக்க எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் இடம் கிடையாது. என் வகுப்பில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிற பெண்பிள்ளைகள். பன்விலயிலிருந்தும் புசல்லாவைப் பக்கத்திலிருந்தும் இருட்டோடு எழும்பி, நிரம்பி வழிகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி ஓடி வருவார்கள். மழைக்காலத்தில் முதல் பாடவேளை முழுக்க அவர்களுடைய சப்பாத்துகளிலிருந்து தண்ணீர் வடியும். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. பாடத்திட்டத்தில் முக்கால்வாசியைத்தான் முடித்திருந்தேன். மிச்சத்தை இப்போது தரம் ஒன்பது ஆசிரியை புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரையும் யாரும் கேட்டிருக்கவில்லை.

பன்விலப் பிள்ளை ஒருத்தி இடைவேளையில் நூலகத்துக்கு வந்தாள். புத்தகம் எடுக்கிற பாவனையில் அலுமாரி ஓரமாக நின்றாள்.

"டீச்சர், நீங்க இனி வரமாட்டீங்கன்னு சொல்றாங்க. நெசமா?"

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான். அங்க டிக்டேசன் மட்டும்தான் டீச்சர் நடக்குது. நீங்க படம் கீறிச் சொன்னாத்தான் எங்களுக்கு வெளங்கும். இந்தத் தடவ சரிவரலன்னா எங்க வீட்டுல ரெண்டாந்தரம் எழுத விடமாட்டாங்க. கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிருவாங்க."

அவள் அழவில்லை. பஸ் நேரத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் அந்த வகுப்பைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நூலகம் அமைதியான இடம். அங்கே என்னைக் கோபப்படுத்த ஒரு ஜீவன் கிடையாது. என் கணவரின் மூத்த சகோதரி, என் மதினி, எங்களோடுதான் இருக்கிறார். எனக்கு இந்த நெஞ்சு வருத்தம் வந்ததிலிருந்து அவர் கட்டித் தருகிற சோற்றுப் பார்சல் இரண்டு கூலியாட்கள் பசியாறப் போதும். மிச்சம் வைத்தால் கவலைப்படுவார் என்று முழுவதையும் சாப்பிடுவேன். சாப்பிட்டுவிட்டு, பத்திரிகைகளுக்கு நடுவில் கதிரையில் சாய்ந்திருந்த ஒரு மத்தியானத்தில் அது திரும்ப வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்தி அதிபருக்குப் போனது.

"பாத்தீங்களா டீச்சர், லைப்ரரியிலயே இப்படின்னா க்ளாஸ்ல இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார் அவர்.

இந்த வாதத்துக்கு என்ன பதில் சொல்வது? ஒருவர் படுக்கையிலிருந்து விழுந்தால், நல்லகாலம் கூரையில் படுக்கவில்லை என்பது போன்ற நியாயம் இது.

பிறகு நோன்பு மாதம் வந்தது. சின்ன வயதிலிருந்து நான் நோன்பு விட்டவள் இல்லை. பசியோடு வகுப்பில் நின்று படிப்பித்த நாட்களில்தான் என் தலை தெளிவாக இருந்திருக்கிறது. ஆனால் நோன்பு பிடிக்க இயலாத நோயாளி ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுக்க வேண்டும், அதற்கு பித்யா என்று பெயர். என் கணவர் முப்பது நோன்புக்குமான அரிசியைத் தலைப்பிறை காணும் முன்னமே பள்ளிவாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். எனக்கு அது இரண்டாவது நாள்தான் தெரியவந்தது.

"எனக்கு நோன்பு பிடிக்க ஏலுமா ஏலாதா என்டு என்னட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"நெஞ்சு வருத்தம் ஈக்கிற ஆளுக்கு மார்க்கமே சலுகை தந்தீக்கு. நீ ஏன் இதுக்குக் கோபப்படுற? டொக்டர் சென்னது மறந்திட்டா?"

வேறு ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மார்க்கம் தந்த சலுகையை யார் மறுக்க முடியும்? ஆனால் அது எனக்குத் தந்த சலுகை. அதை எடுப்பதா விடுவதா என்று யோசிக்கிற உரிமையும் எனக்குத்தான் தந்திருந்தது. அதை அவர் தன் கையில் எடுத்துக்கொண்டு போய் அரிசி மூட்டையோடு இறக்கிவிட்டு வந்துவிட்டார்.

அந்த மாதத்தில் என் நாள் இப்படிப் போனது. வீட்டில் எல்லாரும் நோன்பு. மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மதினி, தான் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், எனக்காகச் சோறாக்கி, குசினிக் கதவைச் சாத்திவிட்டு என்னைச் சாப்பிட வைப்பார். தான் பசியோடு நிற்கிறவர் பரிமாறினால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டதும், "நல்லாச் சாய்ஞ்சி கொள்ளுங்க, எழும்பவேணாம்" என்பார். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு எல்லாரும் நோன்பு திறக்கும்போது என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கஞ்சியும் சமோசாவும் ஐஸ் சர்பத்தும் தருவார்கள். பிறகு மறுபடியும் சாய்மனைக் கதிரை. முன்பு எப்போதாவது வந்த படபடப்பு இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தது. வரும்போதெல்லாம் வீட்டில் ஒரே காரணம்தான் கண்டுபிடித்தார்கள். காலையில் நான் யாரோடோ கோபப்பட்டிருப்பேன். அப்படிக் கண்டுபிடிப்பதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு காலையிலும் நான் யாரோடாவது கோபப்பட்டேன்தான்.

ஒரு மத்தியானம் அது லேசில் விடுவதாகத் தெரியவில்லை. என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு எங்களைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண், வயது குறைந்த இதய மருத்துவர். என் கணவர் வழக்கம்போல என் கதையைத் தொடங்கினார். மருத்துவர் கையைக் கொஞ்சம் உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, தன் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"இது எப்ப எப்ப வாறது அக்கா? நீங்கள் சொல்லுங்கோ."

மாதக்கணக்கில் யாரும் கேட்காத கேள்வி. நான் சொன்னேன். கலியாண வீட்டிலிருந்து தொடங்கி, நூலகம், குசினி, சாய்மனை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடையில் கேட்டவை எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள்.

"சாப்பிட்டாப் பிறகுதானோ? குளிர்த்தண்ணி குடிக்கேக்கயும் வந்திருக்கோ? படி ஏறேக்க? ஆரோடயும் சத்தம் போடேக்க?"

"இவ சத்தம் போடேக்க எனக்குத்தான் டொக்டர் வரும்" என்றார் என் கணவர்.

மருத்துவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்த மனிதருக்கு அதைக் கொடுக்க எனக்கு அன்றைக்கு மனமில்லை.

நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, இடுப்பில் கட்டிக்கொள்கிற சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டி அனுப்பினார். ஒரு முழுநாள் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் அது பதியும். ஏதாவது நடக்கிறபோது அதில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். "வழக்கமா என்ன செய்யிறனீங்களோ அதையே செய்யுங்கோ. இதுக்காக ஒண்டையும் மாத்தாதேங்கோ" என்றார்.

வழக்கமாக நான் செய்வது என்ன? மறுநாள் காலை, சேலைக்குள் பெட்டியோடு அதிபரின் அறைக்குப் போனேன். என் வகுப்பைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். பரீட்சைக்கு இருக்கிற காலத்தைச் சொன்னேன். அவர் என் உடல்நலத்தைச் சொன்னார். நான் பன்விலப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அவர் என் முகத்தின் நிறத்தைப் பற்றிச் சொன்னார். என் குரல் உயர்ந்தது. எழுதுவினைஞர் கதவால் எட்டிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் நான் மேசையிலும் தட்டியிருக்கிறேன். "டீச்சர், ப்ளீஸ், ஒங்க ஹார்ட்" என்று அதிபர் கெஞ்சினார். நான் சேலைக்குள் கையை விட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

வகுப்பு கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். மதினி குசினிக் கதவைச் சாத்தினார். சாப்பிட்டேன், படுத்தேன், வந்தது, அமுக்கினேன்.

முடிவைக் கேட்க நானும் என் கணவரும் போனோம். மருத்துவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இது காலமை. என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள்?"

"எங்கள் அதிபரோடு சண்டை."

"நல்ல சண்டைதான் போல. வேகம் கூடியிருக்கு, ஆனா ஒரு துடிப்பெண்டாலும் ஒழுங்கு பிசகேல்ல. இது மத்தியானம். என்ன செய்தனீங்கள்?"

"சாப்பிட்டுவிட்டு அமைதியாகப் படுத்திருந்தேன்."

துடிப்புகள் மெல்ல மெல்ல இடைவெளி விட்டுக்கொண்டு போயின. இன்னும் மெல்ல. பிறகு திடீரென்று கோடு முழுவதும் குழம்பிப் போனது.

அவர் விளக்கினார். அலையும் நரம்பு அசற்றைல்கோலினைக் கூடுதலாகச் சுரக்கும்போது இதயத்தின் வேகம் மட்டும் குறைவதில்லை. மேலறைகளின் தசைக்கலங்கள் ஒரு துடிப்புக்குப் பிறகு எடுத்துக்கொள்கிற ஓய்வும் குறுகிப்போகும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில். நான் அதை என் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்வேன். ஒரு வகுப்பே ஒன்றாகக் கைதட்டுகிறது. ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவில் எல்லாரும் ஒரே அளவு இடைவெளி விடுவதால்தான் அது ஒரு சத்தமாகக் கேட்கிறது. சிலர் மட்டும் இடைவெளியைக் குறைத்தால், அவர்கள் தட்டுவது பக்கத்தில் இருப்பவரைக் கிளப்பும், அவர் அடுத்தவரைக் கிளப்புவார், கொஞ்ச நேரத்தில் தகரத்தில் மழை பெய்கிற இரைச்சல்தான் மிஞ்சும்.

"அப்ப இந்தக் குளிசை?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

"அது அதிரனலின்ர வேலையைத் தடுக்கிறது. கனபேருக்கு அதுதான் சரியான மருந்து. உங்களுக்கு மற்றப் பக்கம்தான் பிரச்சினை. ஒரு பக்கத்தைக் கட்டிப்போட்டா மற்றப் பக்கத்துக்குக் கேள்வி கேட்க ஆளில்லாமப் போகும். சடுதியா நிப்பாட்டக் கூடாது அக்கா, படிப்படியாக் குறைச்சு வேற ஒண்டுக்கு மாத்துவம்."

கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது, ஐஸ் போட்டது எதுவும் வேண்டாம் என்றார். நோன்பைப் பற்றிக் கேட்டேன். சில நாள் பொறுத்து, புதிய மருந்து பிடித்த பிறகு, இரவில் தண்ணீர் குறையாமல் குடித்துப் பிடித்துப் பார்க்கலாம், தலைசுற்றினால் விட்டுவிட வேண்டும், இது உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள் என்றார். வேலையைப் பற்றிக் கேட்டேன். "வேலையை ஏன் விட்டனீங்கள்?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என் கணவர் தரையைப் பார்த்தார்.

அமைதியாக இரு, அமைதியாக இரு என்று எனக்கு நோயைத்தான் ஊட்டியிருக்கிறார்கள். சோறும் சாய்மனையும் சாந்தமும் எனக்கு விஷம், என் கோபம் எனக்குக் காவல். நான் மிகைப்படுத்துகிறேன் என்று அந்த மருத்துவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். இவ்வளவு நாளும் எனக்கெதிராக எல்லாரும் மிகைப்படுத்தினார்கள்தானே.

விஷயத்தைக் கேட்டதும் மதினி அழத் தொடங்கினார். "அப்ப நான் ஆக்கித் தந்ததுதான் ஒங்கள வருத்தமாக்கீக்கி" என்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நியாயமாக அன்றைக்கு என்னை யாராவது தேற்றியிருக்க வேண்டும். நான்தான் அவரைத் தேற்றினேன். கடைசிப் பத்து நோன்பையும் பிடித்தேன். ஒரு பேரீச்சம்பழம், வெதுவெதுப்பான தண்ணீர், அரைக் கோப்பை கஞ்சி என்று நோன்பு திறந்துவிட்டு எழும்பி வீட்டுக்குள் நடப்பேன். நெஞ்சு ஒரு நாளும் தொந்தரவு தரவில்லை. மதினி நிறைந்த தட்டோடு வாசலில் நின்று, பறிகொடுத்தவர் மாதிரி நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெருநாள் முடிந்து, மருத்துவரின் எழுத்து அறிக்கை கைக்கு வந்த அடுத்த நாளே, அதோடு அதிபரிடம் போனேன். இந்தமுறை குரலை உயர்த்தவில்லை. அவர் அறிக்கையை இரண்டு கையாலும் வாங்கி, மேசையில் வைத்து, அதன்மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வாசிக்கவில்லை.

"சந்தோசம் டீச்சர். ஆனா எதுக்கும் உங்க ஹஸ்பண்ட் ஒரு வார்த்த சொன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்."

"மருத்துவரே எழுதித் தந்திருக்கிறார்."

"டாக்டர் எழுதுவாங்க. நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா வீட்டுக்காரர்தானே எங்கிட்ட வந்து கேப்பாரு."

நான் படித்த படிப்பு, இதயநோய் மருத்துவரின் கையெழுத்து, என் இடுப்பில் ஒரு முழுநாள் தொங்கிய பெட்டி, என்னுடைய சொந்த வாய். இத்தனையும் சேர்ந்தும் இரும்புக் கடையில் இருக்கிற ஒருவரின் ஒரு வார்த்தைக்கு ஈடாகவில்லை. வேறு நேரமென்றால் சபதம் போட்டுக்கொண்டு வெளியே வந்திருப்பேன். ஆனால் பரீட்சை என் சபதத்துக்காகக் காத்திருக்காது. அன்று பின்னேரம் என் கணவரிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன, இப்பவே ஃபோன் எடுக்கிறன்" என்றார்.

"என்ட வகுப்ப ஃபோன்லதான் எடுத்தீங்க. திருப்பிக் குடுக்க நேருல வாங்க."

மறுநாள் கடையைப் பிந்தித் திறக்கலாமென்று என்னோடு வந்தார். அதிபர் எழும்பி நின்று வரவேற்றார். எங்கள் இருவருக்கும் கதிரை போடப்பட்டது. தேநீர் வந்தது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த என் கணவரைப் பார்த்து அதிபர் கேட்டார்.

"டீச்சர் இப்ப எப்படி இருக்காங்க? க்ளாஸ் எடுத்தா தாங்குவாங்களா?"

என் கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மேடம், அவ இங்கதானே ஈக்கிறா. அவகிட்டயே கேளுங்க. அன்டைக்கு நானும் கேக்காமத்தான் ஒங்களுக்கு ஃபோன் எடுத்த. அது என்ட பிழை."

அதிபர் என் பக்கம் திரும்பினார். அந்த அறையில் எனக்கு இப்படி ஒரு கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், உங்களால முடியுமா?"

"முடியும்."

நேரசூசி அந்த மேசையிலேயே மாறியது. அடுத்த பாடவேளையே என்னுடையது. படியிறங்கி வரும்போது என் கணவர் பரிசு வாங்கின பிள்ளையைப் போல என்னைப் பார்த்தார்.

"நான் சரியாத்தானே சென்னேன்?" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அவளிடம் கேளுங்கள் என்பதைக்கூட அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.